பிள்ளையின் மூளை வளரும் ஆயிரம் நாட்கள்



பிள்ளை பிறந்துவிட்டது என்று செய்தி வந்ததும் லயத்தில் எல்லோரும் கேட்கும் கேள்விகள் இரண்டு. ஒன்று, "ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?" மற்றது, "எத்தன கிலோ?" முதல் கேள்விக்கு உரிய விடையை யாராலும் மாற்ற முடியாது. இரண்டாவது கேள்விக்கு உரிய விடையில் பங்கு தாய்க்கு உண்டு, தகப்பனுக்கு உண்டு, வீட்டுப் பெரியவர்களுக்கு உண்டு, தோட்ட நிர்வாகத்துக்கும் உண்டு.

பிறக்கும்போது 2.5 கிலோவுக்குக் குறைந்த பிள்ளையை எடை குறைந்த பிள்ளை என்று சொல்கிறோம். இப்படிப்பட்ட பிறப்புகள் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட நமது தோட்டங்களில் அதிகம். அதன் பின்னும் பிள்ளை சரியாக வளர்வதில்லை. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2016ஆம் ஆண்டு நடத்திய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 100க்கு 17 பேர். தோட்டப் புறத்தில் மட்டும் பார்த்தால் 100க்கு 32 பேர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளை.

"எங்க பரம்பரையே குட்டதான். அப்பா குட்ட, தாத்தா குட்ட. புள்ள மட்டும் எப்புடி உசரமா வரும்?" என்று சிலர் சொல்வதுண்டு. இது முழுக்கச் சரியான பேச்சு ஆகாது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, ஓமான், கானா, பிரேசில், நோர்வே, அமெரிக்கா ஆகிய 6 நாடுகளில் நல்ல சாப்பாடும் தாய்ப்பாலும் சுகாதாரமும் கிடைத்த பிள்ளைகளை அளந்து பார்த்தது. முதல் 5 வயதில் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்ந்தார்கள். அதை வைத்துத்தான் 2006இல் புதிய வளர்ச்சி வரைபடங்கள் வந்தன. கிளினிக்கில் உங்கள் பிள்ளையின் எடையைப் புள்ளி வைத்துக் காட்டும் படம் இந்த அளவையே பின்பற்றுகிறது. ஆகவே நம் பிள்ளை குட்டையாகப் போவதற்குப் பெரிய காரணம் இரத்தம் ஆகாது. சாப்பாடும் நோயும் வறுமையும்தான்.

உயரம் வெளியே தெரியும். அதே காலத்தில் உள்ளே வளர்கிற மூளை வெளியே தெரியாது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஆயிரம் நாள் கணக்கு

வயிற்றில் 270 நாள். முதல் வருடம் 365 நாள். இரண்டாவது வருடம் 365 நாள். கூட்டிப் பாருங்கள், சரியாக 1000 நாள் வரும்.

பிறந்த குழந்தையின் மூளை ஏறக்குறைய 350 கிராம். ஒரு வயதில் அது 900 கிராமைத் தொடுகிறது. இரண்டு வயது முடியும்போது பெரிய ஆளின் மூளையில் முக்கால் பங்குக்கு மேல் வளர்ந்துவிடும். கையும் காலும் 18 வயது வரை வளரலாம், மூளையின் பெரிய வேலை இந்த ஆயிரம் நாளுக்குள் நடந்துவிடுகிறது. தேயிலைக் கன்றை நேசரியில் காய விட்டுவிட்டு, மலையில் நட்ட பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் அது நல்ல கன்றைப் போல வருமா? பிள்ளையும் அப்படித்தான்.

மூளைக்குக் கொழுப்பு எதற்கு?

"கொழுப்பு" என்றால் கெட்டது என்று நாம் பழகிவிட்டோம். நெஞ்சு வருத்தம், பிரஷர் உள்ள பெரியவர்களுக்கு டாக்டர் சொல்லும் அறிவுரையைக் கைக்குழந்தைக்கும் போட்டுப் பார்க்கக் கூடாது. மூளையில் உள்ள தண்ணீரை நீக்கிப் பார்த்தால், மிச்சம் இருப்பதில் பாதிக்கு மேல் கொழுப்புத்தான். மின்சாரக் கம்பியைச் சுற்றி இறப்பர் உறை இருப்பதுபோல, மூளையின் நரம்புகளைச் சுற்றியும் கொழுப்பு உறை இருக்கிறது. அந்த உறை நன்றாக அமைந்தால்தான் செய்தி வேகமாக ஓடும். பிள்ளை பார்ப்பதும் கேட்பதும் விளங்கிக்கொள்வதும் அந்த ஓட்டத்தில்தான் தங்கியிருக்கிறது.

கொழுப்பில் பல வகை உண்டு. அதில் இரண்டு வகையை நமது உடம்பால் சுயமாகச் செய்ய முடியாது. சாப்பாட்டில் இருந்துதான் வர வேண்டும். ஒன்று லினோலெயிக் அமிலம், இது ஒமேகா 6 வகை. மற்றது அல்பா லினோலெனிக் அமிலம், இது ஒமேகா 3 வகை. இப்படி அத்தியாவசியமான கொழுப்பு உண்டு என்பதை 1929இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற கணவனும் மனைவியும் எலிகளை வைத்துக் கண்டுபிடித்தார்கள். கொழுப்பே இல்லாத தீனி தின்ற எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்தது, வளர்ச்சி நின்றது.

ஒமேகா 3 குடும்பத்தில் மூளைக்கு மிக முக்கியமானது டி.எச்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கொழுப்பு. பிள்ளையின் மூளையிலும் கண்ணின் விழித்திரையிலும் இது நிறையச் சேர்கிறது. அதிகமாகச் சேரும் காலம் கர்ப்பத்தின் கடைசி 3 மாதமும் பிறந்த பிறகு 2 வருடமும். குறைமாதத்தில் பிறக்கும் பிள்ளை அந்தக் கடைசி மாதங்களின் பங்கை இழந்துவிட்டே பிறக்கிறது.

எந்தச் சாப்பாட்டில் இருக்கிறது?

டி.எச்.ஏ. நேரடியாகக் கிடைப்பது மீனில். விலை கூடிய பெரிய மீன் வேண்டும் என்று நினைக்க வேண்டாம். சாளை, சூடை, கும்பளா, லின்னா போன்ற சின்ன மீன்களில்தான் இந்தக் கொழுப்பு நன்றாக இருக்கிறது. சுறா, தளபத்து மாதிரியான பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் கர்ப்பிணிகள் அவற்றைக் குறைப்பது நல்லது. மலிவான மீன் இங்கே நல்ல மீனாகவும் இருக்கிறது.

மீன் லொறி வராத தோட்டத்தில் என்ன செய்வது? டின் மீனிலும் இந்தக் கொழுப்பு கெடாமல் இருக்கிறது. உப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள். நெத்தலிக் கருவாட்டில் ஓரளவு உண்டு, அதோடு புரதமும் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். சுடுதண்ணீரில் நன்றாக அலசி உப்பை எடுத்துவிட வேண்டும். முட்டையிலும் கொஞ்சம் இருக்கிறது.

நாம் அடிக்கடி சமைக்கும் மூன்று பொருட்களைப் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

தேங்காய்: சம்பலும் தேங்காய்ப்பாலும் நல்ல சக்தி தரும். பிள்ளைக்குக் கொடுக்கலாம். ஆனால் தேங்காயில் ஒமேகா 3 கிடையாது என்றே சொல்லலாம். ரொட்டியும் சம்பலும் மட்டும் மூன்று வேளையும் சாப்பிடும் தாய்க்கு வயிறு நிறையும், பிள்ளையின் மூளைக்குத் தேவையான அந்தக் கொழுப்பு போய்ச் சேராது.

சோயா மீட்: பக்கற்றில் வரும் சோயா மீட், எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சோயா மாவில் செய்யப்படுவது. புரதம் நிறைய உண்டு. கொழுப்பு மிகக் குறைவு. ஆகவே அது பருப்புக்குப் பதிலாக நிற்கும், மீனுக்குப் பதிலாக நிற்காது.

சோயா எண்ணெய்: இதில் ஒமேகா 6 நிறையவும் ஒமேகா 3 ஓரளவும் உண்டு. மரக்கறி மட்டும் சாப்பிடுவோருக்கு இது உதவும். உடம்பு அதிலிருந்து கொஞ்சம் டி.எச்.ஏ. செய்துகொள்ளும், மீனில் கிடைக்கும் அளவுக்கு வராது.

பிள்ளை வயிற்றில் இருக்கும்போது

"வயித்துல புள்ள ரொம்பப் பெருசா வளந்தா பெத்தெடுக்க முடியாது, கொஞ்சமா சாப்பிடு" என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்பினால் சொல்கிறார்கள். ஆனால் தாய் குறைத்துச் சாப்பிட்டால் பிரசவம் லேசாகிவிடாது. பிள்ளை மெலிந்து பிறக்கும், தாயும் பலம் இல்லாமல் போவாள். மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து எடுக்கும் கர்ப்பிணிக்கு வீட்டில் உள்ளவர்களைவிடக் கூடுதலான சாப்பாடு தேவை.

மீன் கொழுப்பைப் பற்றி உலகம் முழுவதும் நிறைய ஆராய்ச்சிகள் நடந்துள்ளன. கர்ப்பிணிகள் ஒமேகா 3 எடுத்த 70 ஆராய்ச்சிகளை, ஏறக்குறைய 20,000 பெண்களின் கணக்கை, கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுக் குழு 2018இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. ஒமேகா 3 கூடுதலாக எடுக்காதவர்களில் 1000க்கு 134 பேருக்குக் குறைமாதப் பிரசவம் நடந்தது. எடுத்தவர்களில் அது 119 ஆகக் குறைந்தது. 34 வாரத்துக்கு முன்பே பிறந்த பிள்ளைகள் 1000க்கு 46 இல் இருந்து 27 ஆகக் குறைந்தார்கள். எடை குறைந்த பிறப்புகளும் சற்றுக் குறைந்தன. பிள்ளை பிறகு அதிகப் புத்திசாலியாக வந்ததா என்று பார்த்தபோது தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே, "மீன் தின்றால் பிள்ளை டாக்டர் ஆகும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிள்ளை மாதம் நிறைந்து, எடையோடு பிறக்க மீன் கொழுப்பு உதவுகிறது. எடை குறைந்த பிறப்பே பெரிய குறையாக இருக்கும் நமக்கு அது சின்ன விஷயம் அல்ல.

கிழமைக்கு இரண்டு மூன்று நாள் கர்ப்பிணியின் தட்டில் மீன் இருந்தால் போதும்.

கொழுப்போடு இன்னும் இரண்டு சத்தும் மூளைக்கு வேண்டும். ஒன்று இரும்பு. மற்றது அயடின். அயடினுக்காக அயடின் கலந்த உப்பையே வாங்குங்கள். நமது நாட்டில் 1995 முதல் சாப்பாட்டு உப்பில் அயடின் கலக்க வேண்டும் என்று சட்டம் உண்டு. உப்பை மூடி வையுங்கள், அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

இரும்புக்கு எதிரி நாமே பறிக்கும் தேயிலைதான்! சாயத்தண்ணியில் உள்ள பொருள் சாப்பாட்டில் இருக்கும் இரும்பை உடம்பு எடுக்க விடாமல் பிடித்துக்கொள்கிறது. தேத்தண்ணி குடிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம். கல்சியம் குளிசையையும் இரும்புக் குளிசையையும் ஒரே நேரத்தில் போட வேண்டாம். "குளிச போட்டா வயித்தப் பெரட்டுது" என்று அதைத் தலையணைக்குக் கீழே ஒளித்து வைக்காமல் மருத்துவ மாதுவிடம் சொல்லுங்கள், வழி சொல்வார்.

புகையிலை சேர்த்து வெற்றிலை போடும் பழக்கமும் பிள்ளையின் எடையைக் குறைக்கும். அந்த மாதங்களிலாவது புகையிலையை விட்டுவிடுங்கள்.

தாய்ப்பாலும் பெரட்டுக் களமும்

தாய்ப்பாலில் கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய பாதி கொழுப்பில் இருந்து வருகிறது. டி.எச்.ஏ.யும் அதிலேயே இருக்கிறது. தாய் மீன் சாப்பிட்டால் பாலில் அது கூடும். "புள்ளப் பெத்தவளுக்கு மீன் கிரந்தி" என்று பல மாதம் மீனை நிறுத்தி வைப்பது தாய்க்கும் பிள்ளைக்கும் நட்டம். பத்தியக் கறியில் சின்ன மீனையும் சேருங்கள்.

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். தண்ணீர் வேண்டாம், சீனித் தண்ணீர் வேண்டாம், சாயத்தண்ணி வேண்டவே வேண்டாம்.

இன்னொரு விஷயம். ஒரு பக்க மார்பில் முதலில் வரும் பால் தண்ணியாக இருக்கும், பின்னால் வரும் பாலில்தான் கொழுப்பு கூட. அவசரத்தில் இரண்டு நிமிடம் ஒரு பக்கம், இரண்டு நிமிடம் மறுபக்கம் என்று கொடுத்தால் பிள்ளைக்குக் கொழுப்புப் பால் குறைவாகவே போகும். ஒரு பக்கம் முழுதாகக் குடித்து முடிந்த பிறகு மறுபக்கம் மாற்றுங்கள்.

"நேரம் எங்க இருக்கு? கொழுந்து யாரு எடுக்குறது?" என்று நீங்கள் கேட்பது நியாயம். சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் 12 வாரப் பிரசவ லீவு உண்டு. முன்பு மூன்றாவது பிள்ளைக்கு லீவைக் குறைத்து வைத்திருந்தார்கள். 2018இல் வந்த திருத்தத்தோடு எல்லாப் பிள்ளைக்கும் 12 வாரம் என்று ஆனது. வேலைக்குத் திரும்பிய பிறகு, பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை, ஒரு நாள் வேலைக்குள் இரண்டு முறை பால் கொடுக்க இடைவேளை தர வேண்டும். பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொரு முறையும் 30 நிமிடம், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு மணித்தியாலம். இது சாப்பாட்டு நேரத்துக்கு மேலதிகமானது. கங்காணிமாரும் வெளிக்கள உத்தியோகத்தர்களும் இதை ஒரு சலுகையாகப் பார்க்கக் கூடாது. இது தாயின் உரிமை.

மலை தூரமாக இருந்தால் பாலைக் கையால் எடுத்து வைத்துவிட்டுப் போகலாம். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அவித்த எவர்சில்வர் கோப்பையில் எடுத்து, மூடி, பிள்ளையின் பெயரை ஒட்டிப் பிள்ளைக் காம்பராவில் கொடுங்கள். சாதாரண அறையில் 4 மணித்தியாலம் வரை கெடாது. போத்தல் வேண்டாம், கோப்பையும் கரண்டியும் போதும்.

பால் மா டின்களில் "மூளைக்கு டி.எச்.ஏ." என்று பெரிதாக எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். மாதம் நிறைந்து பிறந்த பிள்ளைகளுக்கு அந்த மா கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சிகளை 2017இல் கொக்ரேன் குழு பரிசீலித்தது. பார்வையிலும் அறிவு வளர்ச்சியிலும் நிச்சயமான நன்மை எதுவும் தெரியவில்லை. டின் விலை தாங்காமல் இரண்டு கரண்டி போட வேண்டிய இடத்தில் ஒரு கரண்டி போட்டுக் கரைத்தால், பிள்ளைக்குக் கிடைப்பது வெள்ளைத் தண்ணீர்தான். அந்த டின் வாங்கும் காசில் தாய்க்கு மீனும் முட்டையும் வாங்கிக் கொடுங்கள், பால் தன்னால் வரும்.

ஆறு மாதத்துக்குப் பிறகு

6 மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு சாப்பாடும் தொடங்க வேண்டும். தாய்ப்பாலை 2 வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம். நமது வீடுகளில் நடக்கும் பெரிய தவறு, கஞ்சித் தண்ணீரையும் பிஸ்கட் கரைத்த தேத்தண்ணியையும் சாப்பாடு என்று நினைப்பது. பிள்ளையின் வயிறு சின்னது, ஒரு கோப்பை அளவுதான் பிடிக்கும். அதைத் தண்ணீரால் நிரப்பினால் சத்துக்கு இடம் இருக்காது.

1. சோற்றைக் குழைய வேகவைத்து மசியுங்கள். கரண்டியைச் சரித்தால் ஓடிவிடாத அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும்.
2. பருப்பு, கீரை, கரட், பூசணி ஒவ்வொன்றாகச் சேருங்கள்.
3. ஒரு தேக்கரண்டி எண்ணெய், மாஜரின் அல்லது கொஞ்சம் கெட்டித் தேங்காய்ப்பால் சேருங்கள்.
4. முள் எடுத்த மீன், முட்டை, ஈரல் ஆகியவற்றைத் தாமதிக்காமல் பழக்குங்கள். மீன் இல்லாத நாளில் தலை நீக்கி, நன்றாக அலசி, வறுத்து இடித்த நெத்தலித் தூள் ஒரு சிட்டிகை.
5. 6 முதல் 8 மாதம் வரை ஒரு நாளைக்கு 2, 3 முறை. 9 மாதத்தில் இருந்து 3, 4 முறை.
6. ஒரு வயது வரை உப்பு, சீனி, தேன் சேர்க்க வேண்டாம்.

வயிற்றோட்டம் வந்தாலும் சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். நோய் மாறிய பிறகு இரண்டு கிழமைக்கு ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள். பிள்ளையோடு பேசுங்கள், பாட்டுப் பாடுங்கள், பெயர் சொல்லிப் பொருட்களைக் காட்டுங்கள். கொழுப்பு மூளையைக் கட்டும், பேச்சு அதை வேலை செய்ய வைக்கும்.

குவாத்தமாலா கிராமங்கள் சொல்லும் பாடம்

மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா என்று ஒரு நாடு. அங்கும் மலைகளில் கோப்பித் தோட்டங்கள் உண்டு, ஏழைத் தொழிலாளர்கள் உண்டு. 1969 முதல் 1977 வரை அங்குள்ள 4 கிராமங்களில் ஒரு பரிசோதனை நடந்தது. இரண்டு கிராமங்களுக்குத் தானிய மாவும் பால் மாவும் சேர்ந்த புரதக் கஞ்சி கொடுத்தார்கள். மற்ற இரண்டு கிராமங்களுக்குப் புரதம் இல்லாத இனிப்புப் பானம்.

அந்தப் பிள்ளைகளை ஆராய்ச்சியாளர்கள் மறக்கவில்லை. அவர்கள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு தேடிச்சென்று பார்த்தார்கள். இரண்டு வயதுக்குள் அந்தக் கஞ்சியைக் குடித்த ஆண்கள், மற்றவர்களைவிட ஒரு மணித்தியாலத்துக்கு 46 வீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பெண்கள் ஒரு வகுப்புக்கு மேல் கூடுதலாகப் படித்திருந்தார்கள். 3 வயதுக்குப் பிறகு கஞ்சி குடித்தவர்களுக்கு இந்தச் சம்பள வித்தியாசம் வரவில்லை.

அந்தக் கஞ்சியைப் போன்ற ஒன்று நமக்கும் உண்டு. 1973 முதல் நம் நாட்டில் கொடுக்கப்படும் திரிபோஷாதான் அது. சோளமும் சோயாவும் விற்றமின்களும் கலந்தது. கிளினிக்கில் கிடைக்கும்போது அது பெயர் எழுதிய ஆளுக்கே போய்ச்சேர வேண்டும். ஒரு பக்கற்றை உருட்டி வீட்டில் ஏழு பேர் தின்றால் ஏழு பேருக்கும் ருசி கிடைக்கும், தேவையான ஒருத்திக்குச் சத்துக் கிடைக்காது.

வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு

நம் வீடுகளில் சட்டியில் இருக்கும் மீன் முதலில் ஆம்பளைக்கு, பிறகு பிள்ளைகளுக்கு, கடைசியில் மிச்சக் குழம்பு அந்தப் பெண்ணுக்கு. விடிய எழும்பிச் சமைத்து, கூடையைச் சுமந்து, மாலையில் மீண்டும் அடுப்படிக்கு வருகிறவள் அவள்தான். அவள் வயிற்றில் பிள்ளை இருந்தால், அல்லது மடியில் பால் குடிக்கும் பிள்ளை இருந்தால், அவள் தட்டில் முதல் துண்டு விழட்டும். மாமியார்மார் இதை எடுத்து வைத்தால் மருமகள் மறுக்க மாட்டாள். சம்பள நாளில் தவறணைப் பக்கம் போகும் காசில் ஒரு பங்கு டின் மீனாகவும் முட்டையாகவும் வீட்டுக்கு வரட்டும்.

வீட்டால் செய்யக்கூடியது இவ்வளவு. சம்பளம் போதாமல் இருப்பதையும், கிளினிக் தூரமாக இருப்பதையும், பிள்ளைக் காம்பராவில் ஆள் போதாமல் இருப்பதையும் ஒரு தாயின் தலையில் மட்டும் சுமத்த முடியாது. அதைத் தலைவர்மாரும் நிர்வாகமும் அரசாங்கமும் பார்க்க வேண்டும், நாமும் கேட்க வேண்டும்.

அடுத்த கிளினிக் நாளில் பிள்ளையின் வளர்ச்சிப் புத்தகத்தை எடுத்துப் போங்கள். கோடு மேலே போகிறதா, படுத்துவிட்டதா என்று மருத்துவ மாதுவிடம் கேளுங்கள். படுத்திருந்தால் அன்றே காரணத்தைக் கேளுங்கள். ஆயிரம் நாளில் ஒரு மாதம் என்பது 30 நாள். போனால் திரும்பி வராது.